முடிச்சுகளின் சாட்சியம்: இன்காப் பேரரசின் வீழ்ச்சியும் வாங்கா மக்களின் கணக்கும்

ஸ்பானியர் இன்காப் பேரரசை வென்ற வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஓர் எண்ணிலிருந்தே தொடங்குகின்றன. 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஹாமார்க்கா நகரில் பிரான்சிஸ்கோ பிசாரோவின் தலைமையில் நின்றோர் 168 பேர். அவருள் 62 பேர் குதிரை வீரர். அன்று இரவுக்குள் மன்னன் அதாவல்பா சிறைப்பட்டான். அவனுடன் வந்தோர் பெருந்தொகையினராய் மாண்டனர். இவ்வெண் உண்மையே. ஆயின் இதனை அடிப்படையாகக் கொண்டு, 168 பேர் ஒரு பேரரசையே வீழ்த்தினர் என முடிபு கூறுவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 'இன்கா' என்பது மன்னனையும் மன்னர் குடியினரையும் குறித்த பெயர். ஆளப்பட்ட மக்கள் அனைவரும் இன்காக்கள் அல்லர். 'தவாந்தின்சூயு' (நாற்பகுதிகளும் இணைந்தது) என வழங்கப்பட்ட அந்நாட்டில் பல மொழி பேசும் பல குடியினர் வாழ்ந்தனர். அவருட் பலர் வென்று சேர்க்கப்பட்டு ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை. மன்னன் வைனா கபாக்கின் மறைவிற்குப்பின் அவன் மக்களாகிய ஹுவாஸ்காரும் அதாவல்பாவும் அரியணைக்காகப் போரிட்டனர். ஸ்பானியர் வந்தது அப்போரின் இறுதிக் கட்டத்தில் என்பது பலரும் அறிந்த செய்தி.

பிசாரோவின் செயலராக இருந்த பிரான்சிஸ்கோ தே ஹெரஸ் எழுதிய நூல் 1534இல் செவில் நகரில் வெளிவந்தது. வென்றவர்தம் கூற்று இவ்வாறு இரண்டே ஆண்டுகளில் அச்சேறிவிட்டது. வாங்கா மக்கள் தம் பங்கினை எடுத்துரைத்த ஆவணங்களோ 1970களின் தொடக்கத்தில்தான் பெரு நாட்டு வரலாற்றறிஞர் வால்டெமார் எஸ்பினோசா சொரியானோவின் முயற்சியால் பதிப்பிக்கப்பெற்றன. இடைப்பட்ட காலம் நானூறு ஆண்டுகளுக்கும் மேல்.

வாங்காக்கள் மந்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஹௌஹா நகரைச் சூழ வாழ்ந்தவர்கள். அரியணைப் போரில் ஹுவாஸ்காரின் பக்கம் சாய்ந்து, அதாவல்பாவின் படைத்தலைவர்களால் துன்புற்றவர்கள். ஸ்பானியரை இவர்கள் விரைந்து நண்பராக ஏற்றனர். உணவும் ஆடையும் சுமை தூக்குவோரும் போர்வீரரும் அளித்தனர். பின்னர் 1558 முதல் 1561 வரையிலான ஆண்டுகளில் இவர்தம் தலைவர்கள் லிமாவிலிருந்த உயர்நீதிமன்றத்தின் முன் சென்று, தாம் செய்த உதவிகளைப் பட்டியலிட்டு அரசின் கைம்மாறு கோரினர். அப்பட்டியல் வாசிக்கப்பட்டது ஏட்டிலிருந்து அன்று. 'கிப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளிலிருந்து! கயிற்றின் நிறமும் முடிச்சின் வகையும் இடமும் கணக்கைச் சுட்டும். முடிச்சுகள் பதின்ம முறையில் அமைந்தவை என்பதை லெலண்ட் லாக் 1912இல் நிறுவினார்.

இருபதாண்டுகளுக்கும் மேற்பட்ட கணக்கை இக்கயிறுகள் காத்திருந்தன. எப்படையெடுப்பின்போது எத்தனை ஆடவர், எத்தனை மகளிர், எத்தனை லாமாக்கள் என ஆண்டுவாரியாக அவை பேசுகின்றன. மனமுவந்து கொடுத்தவை தனியாகவும் ஸ்பானியர் கொள்ளையிட்டவை தனியாகவும் கணக்கிடப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. நட்பு பாராட்டிய காலத்திலேயே நண்பரின் திருட்டையும் முடிச்சிட்டு வைத்தவர்களை ஏமாளிகள் என்று கூற இயலாது.

சலுகை வேண்டுவோர் தம் தொண்டை மிகைப்படுத்துவர் என ஒரு தடை எழுப்பலாம். தடை நியாயமானதே, எண்கள் ஒவ்வொன்றையும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் இதே ஆவணங்களை ஆராய்ந்த ஜான் மர்ரா, பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்ட முறையில் ஓர் ஒழுங்கினைக் கண்டார். முதலில் மாந்தர், அடுத்து லாமா முதலிய விலங்குகள், அதன்பின் ஆடை, பிறகே தானியங்கள். இவ்வரிசை இன்கா அரசின் கணக்கு மரபைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. வழக்கிற்காகப் புனையப்பட்ட பட்டியலில் இத்தகைய மரபொழுங்கு அமைவது அரிது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்துமாகும்.

பிற சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 1536இல் மாங்கோ இன்கா கிளர்ந்தெழுந்தபோது லிமா நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அதனைக் காக்க நின்றோருள் ஸ்பானியரைவிட உள்நாட்டுத் துணைப்படையினரே மிகுதி. லிமாவின் புறப்பகுதியான புருசூகோவில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 2007இல் அறிவிக்கப்பட்ட எலும்புக்கூடுகளுள் ஒன்றில் துப்பாக்கிக் குண்டின் தடம் காணப்பட்டது. ஆனால் கல்லாயுதங்களால் தாக்குண்ட எலும்புகளும் அங்கே கிடைத்தன.

இதனால் வாங்காக்களைத் துரோகிகள் எனப் பழிப்பாரும் உளர். இது பிற்காலத் தேசிய உணர்வை முற்காலத்தின் மீது ஏற்றிக் கூறுவதாகும். தமக்கு அந்நியமான கூஸ்கோவின் ஆட்சியை நீக்கக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் பயன்படுத்தினர். வந்தவர் அந்த ஆட்சியின் இடத்தில் தாமே அமர்வர் என்பதை 1533இல் அறிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை.

தலைவர் மரபைச் சேர்ந்த பெலிப்பே வாக்ராபவ்கார் 1560களில் ஸ்பெயினுக்கே சென்று மன்னரிடம் குலச்சின்னமும் சில உரிமைகளும் பெற்று மீண்டார். அடுத்த பத்தாண்டில் அரசப் பிரதிநிதி தொலேதோ கட்டாய உழைப்பு முறையை வகுத்தபோது, வாங்காப் பள்ளத்தாக்கின் ஆடவரும் வாங்காவெலிகா பாதரசச் சுரங்கத்திற்கு முறைவைத்து அனுப்பப்பட்டனர்.