இறக்கைக்குள் நீண்ட கை

விமானத் தொழிலில் பணியாளரின் உடலளவை ஒரு சிறு ஆணி தீர்மானித்த காலம் உண்டு. அலுமினியத் தகடுகளை இணைக்கும் திட ரிவெட்டுக்கு இருவர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியால் தலையில் அடிக்க, உள்ளே மற்றவர் ஆணிமுனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். முனை நசுங்கித் தகடுகள் இறுகும். இறக்கையின் உட்புறமோ ஆள் நுழையவே அரிதான இடம். இரண்டாம் உலகப் போரில், மிச்சிகனின் வில்லோ ரன் ஆலையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய ஃபோர்டு நிறுவனம், இவ்வேலைக்கென உயரம் மிகக் குறைந்தோரைச் சேர்த்துக்கொண்டது. மற்ற வேளைகளில் ஆலைகள் ஏற்கத் தயங்கிய உடல்கள் அங்கே தேவையாயின. 1945இல் விமான உற்பத்தி நின்றது; அத்தேவையும் நின்றது. சுத்தி பிடித்த ‘ரோசி’ சுவரொட்டியில் நிலைத்தாள். உள்ளே கட்டை பிடித்தவருக்குச் சுவரொட்டி இல்லை.

வீட்டில் தனியே விமானம் கட்டுவோருக்கும் இதே நெருக்கடிதான். ஒருபுறமிருந்தே இழுத்து இறுக்கும் ரிவெட், நம் பட்டறைகளின் ‘பாப் ரிவெட்’, அவர்களுக்கு வழி திறந்தது. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த செனித் விமானங்கள் பெரும்பாலும் அதனாலேயே இணைக்கப்படுகின்றன. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வனின் ஆர்வி விமானங்கள் பலவும் திட ரிவெட்டை விடவில்லை. அங்கே இறக்கையின் கடைசித் தகட்டை மூடும் நாளில், மெலிந்த நீண்ட கையுடைய ஒருவரை வீட்டுக்குள் தேட வேண்டியிருக்கிறது.