தீர்ப்புக்கு அப்பால் ஒரு கல்வி

நியாயஸ்தலத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டு, கூண்டில் நின்றவன் வாரண்டோடு அழைத்துச் செல்லப்பட்ட மாத்திரத்தில் வழக்குக்கட்டு மூடப்படுகிறது. வக்கீல் அடுத்த கட்சிக்காரரிடம் திரும்புகிறார். பத்திரிகைகள் வேறு செய்தி தேடப் போகின்றன. ஏழாண்டுத் தண்டனை என்றால் அந்த ஏழாண்டுகளில் அம்மனிதன் என்ன ஆகிறான், எத்தகையவனாக வெளியே வருகிறான் என்பதை நம் சட்டக் கல்லூரிகள் நெடுங்காலம் தம் எல்லைக்கு உட்பட்ட விஷயமாகவே கருதவில்லை. அதையே பிரதான விஷயமாக எடுத்துக்கொண்டு எழுந்தவை குற்றவியலும் சிறைச் சீர்திருத்த நிர்வாகமும் ஆகிய படிப்புகள். அவை இந்நாட்டில் இத்தனை தாமதமாகப் பிறந்ததற்குக் காரணம் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் மெக்காலே தூண்டுதலால் அமைந்த சிறைக் குழு 1838-இல் அளித்த அறிக்கை, கைதியை நல்வழிப்படுத்தும் முயற்சிகளில் நம்பிக்கை வைக்கவில்லை. சிறை அஞ்சத்தக்கதாகவும், அங்கே செய்யும் வேலை உயிரை வாட்டும் சலிப்புடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் சித்தாந்தம். அத்தகைய சிறையை நடத்தப் பூட்டும் சாவியும் தடியும் போதுமே, படிப்பு எதற்கு? எண்பது ஆண்டுகள் கழித்து, 1919-20-இல் கூடிய இந்தியச் சிறைக் குழுதான் வேறு பாஷை பேசிற்று. அதன் தலைவர் ஸர் அலெக்சாண்டர் கார்டியூ சென்னை மாகாணத்து சிவில் உத்தியோகஸ்தர். அதே 1919-இல் சில நாட்கள் இம்மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர். அமெரிக்காவும் ஜப்பானும் வரை சென்று சிறைகளைப் பார்வையிட்டு வந்த அக்குழு, கைதியைத் திருத்துவதும் தண்டனையின் நோக்கமே என்று ஸ்பஷ்டமாக எழுதிவைத்தது. இம்மாகாணமோ 1920-இல் குழந்தைகள் சட்டத்தையும், 1925-இல் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தையும் இயற்றி, இளங்குற்றவாளியை முதிர்ந்த குற்றவாளியோடு ஒரே கொட்டடியில் அடைக்கும் மடமைக்கு ஒரு வரம்பு கட்டத் தலைப்பட்டது.

சட்டம் வந்தும் அதனை நடத்தக் கற்றவர்கள் வரவில்லை. சுதந்திரத்திற்குப் பின், ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணராக 1951-இல் இங்கு வந்த ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் ரெக்லஸ், நம் சிறைகளைச் சுற்றிப் பார்த்ததோடு நில்லாமல், பம்பாயிலுள்ள டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தில் சிறை அதிகாரிகளுக்குப் பாடமும் நடத்தினார். 1959-இல் சாகர் பல்கலைக்கழகம் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் ஒரு துறை கண்டது. 1970-இல் சென்னையில் இந்தியக் குற்றவியல் சங்கம் தோன்றியது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் என்னும் நான்கு மாநிலங்களும் கைகோத்து 1979-இல் வேலூரில் நிறுவிய பயிற்சிக் கழகம், தென்னாட்டுச் சிறை அதிகாரிகளுக்குக் கல்லூரியாக அமைந்தது. அரசியல் சட்டப்படி சிறை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உரியதாகலின், அவை தாமே கூடி இப்படி ஒன்றை உண்டாக்கியதை நான் சிறிய காரியமாக மதிப்பதில்லை.

இக்கல்விக்குத் தனிச் சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறதா என ஐயுறுவோர் உளர். உளவியலில் ஒரு கை, சமூகவியலில் ஒரு கை, சட்டத்தில் ஒரு கை எடுத்துப் பிசைந்த கூட்டாஞ்சோறு என்று ஒரு நண்பர் பரிகசித்தார்; இருக்கட்டுமே, மனிதனும் அப்படிப்பட்ட கலவைதானே! என் குறை அதுவன்று. பட்டம் பெறும் மாணவன் குற்றவியல் முன்னோடிகளான பெக்காரியாவையும் லாம்பிரோஸோவையும் கரைத்துக் குடித்துவிட்டு, வேறு ஏதோ ஓர் உத்தியோகத்திற்குப் போய்விடுகிறான். கைதியின் முகத்தைக் காலையில் கதவு திறக்கும்போதும் மாலையில் அடைக்கும்போதும் பார்க்கிற வார்டருக்கோ இவ்வித்தையில் மிகச் சொற்பமே கிட்டுகிறது. மனு பார்க்க வந்த தாயிடம் அவர் பேசும் தோரணையும், பிள்ளை முகம் காணாமல் திரும்பிய கைதியை அன்றிரவு கவனித்துக்கொள்ளும் விதமும், எந்தப் பேராசிரியரின் நூலினும் அதிகமாக அக்கைதியின் பிற்கால வாழ்வை நிர்ணயிக்கும் என்பது என் அபிப்பிராயம். பல்கலைக்கழகத் துறைகள் தம் கதவை முதலில் அவருக்குத் திறத்தல் தகும். களப்பணிக்கென மாணவரைச் சிறைக்கு அனுப்பும் நாளில், அங்குள்ள வார்டரை வகுப்பறைக்கு வருவிப்பதில் என்ன தடை?

பாடத்திட்டத்திலேயே இன்னொரு குறையும் உண்டு. அது தண்டனை பெற்றவனைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ முக்கால் பங்கினரோ தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். நிரபராதியாக இருக்கக்கூடிய ஒருவனைத் திருத்துவது எங்ஙனம்? இளங்கோவடிகள் இதை அறிந்திருந்தார். கோவலன் கதையை யாவரும் சொல்வர். அதே சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் வார்த்திகனை நினைப்பவர் குறைவு. மகன் பரிசாகப் பெற்று வந்த அணிகலன்களைப் புதையல் திருட்டென்று பொறாமைக்காரச் சேவகர் சாட்ட, வார்த்திகன் சிறைப்பட்டான். அவன் மனைவி அழுதாள். ஐயை கோயிலின் கதவு அடைத்துக்கொண்டது. காரணம் அறிந்த பாண்டியன் அவனை விடுவித்துப் பிழை பொறுக்க வேண்டி, ஊர்களையும் அளித்தான், கதவும் திறந்தது. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியதும் பெருங்கதையே. ஆயினும் அது கருணையின் கதை, வார்த்திகனுடையதோ நிர்வாகத்தின் தவறு பற்றியது. குற்றவியல் வகுப்பில் முதல் நாள் இதைப் பாடமாக வைப்பேன்.

இக்காலத்தில் கோயில் கதவுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தில், முன்பு தண்டிக்கப்படாதவன் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும் ஏனையோர் பாதியையும் விசாரணையிலேயே கழித்துவிட்டால், ஜாமீனில் விடுவிக்க வழி செய்கிறது. அக்காலம் நிறைந்ததும் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் மீதே அது சுமத்தியிருக்கிறது. ஒருவன்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பின் இச்சலுகை அவனுக்கு இல்லை. ஆதலால் ஒவ்வொரு கைதியின் வழக்குக்கட்டையும் பிரித்து, வழக்குகளை எண்ணி, உச்சத் தண்டனையைக் கண்டு, நாட்களைக் கணக்கிட அறிந்த ஒருவர் ஒவ்வொரு சிறை அலுவலகத்திலும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாக வேண்டும்.