பொதுத்துறைத் திறனளவீடும் புறக்காரணிகளும்

பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் முதலிய பொது அமைப்புகள் தமக்குக் கிடைத்த வளத்தைக் கொண்டு எவ்வளவு சேவை தருகின்றன என்பதை, நிர்வாகியின் கைக்கு எட்டாத சூழ்நிலைகளையும் கருத்தில் கொண்டு மதிப்பிடும் முறை. இச்சேவைகளுக்குச் சந்தை விலை இல்லாததால் லாபக் கணக்கு இங்கே உதவாது.

திறனளவீடு பற்றி ஃபாரெல் 1957இல் முன்வைத்த கருத்தை விரித்து, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’ முறையை வகுத்தனர். சிறப்பாக இயங்கும் அமைப்புகளை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு பின்தங்கியுள்ளன என்று இம்முறை அளக்கிறது. உள்ளீடுகள் அனைத்தையும் நிர்வாகி கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பது இதன் அனுமானம். ஆசிரியர் எண்ணிக்கையை மாற்றலாம். மாணவர் வீட்டு வறுமையைத் தலைமையாசிரியர் எப்படி மாற்றுவார்? அதைக் கணக்கில் கொள்ளாத தரவரிசை, ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பள்ளிக்கு இழைக்கும் அநீதி.

1986இல் பேங்கர், மோரி இருவரும் மாற்ற இயலாத உள்ளீடுகளை நிலையாக நிறுத்தி, மற்றவற்றில் மட்டும் வீணடிப்பைத் தேடினர். இதிலும் குறை உண்டென்று 1996இல் ஜான் ருகியேரோ காட்டினார். வசதியான பகுதிப் பள்ளியின் தேர்ச்சியும் கலந்தே இலக்கு உருவாவதால், வறிய பகுதிப் பள்ளிக்கு அது எட்டாக்கனியாகிறது. எனவே ஓர் அமைப்பை மதிப்பிடும்போது, அதைவிட நல்ல சூழல் வாய்த்த அமைப்புகளை ஒப்பீட்டிலிருந்தே அவர் விலக்கினார். நேர்மையான தீர்வுதான். ஆனால் காரணிகள் பெருகப் பெருக ஒப்பிட ஆளின்றிப் போய், பல அமைப்புகள் உழைக்காமலே முழுத்திறன் மதிப்பெண் பெற்றுவிடும். அதைத் தவிர்க்க, 1998இல் ருகியேரோவே சூழல் காரணிகளை ஒரே குறியீடாகத் திரட்டும் வழியைச் சேர்த்தார்.