பரிவு மின்வழங்கிக் கட்டுப்பாட்டுச் சிப்: காப்பும் கட்டுப்பாடும்

பரிவு (ஒத்ததிர்வு) மின்வழங்கிக் கட்டுப்பாட்டுச் சிப் என்பது தட்டைத் திரைத் தொலைக்காட்சி, கணினிச் சேவையகம், தொலைத்தொடர்புக் கருவி, எல்இடி தெருவிளக்கு முதலியவற்றின் மின்வழங்கியில் இரண்டு மொஸ்பெற் ஆளிகளை மாறிமாறி இயக்கும் தொகையிடப்பட்ட சுற்று. வெளியீட்டு அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பது அதன் அன்றாட வேலை. மின் விழும்போது, சுமை மிகும்போது, போன மின் திரும்பும்போது என்ன செய்வதென்று தானே முடிவெடுப்பது அதைவிடக் கடினமானது. மின்வெட்டு பழகிப்போன இலங்கை போன்ற நாட்டில் கருவியின் ஆயுள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் தங்கியிருக்கிறது. இங்கே காட்டப்படும் சிப்பின் அளவுகள் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின், பரவலாகப் பயன்பட்ட 16 முனை எல்6599 சிப்புக்கு உரியவை.

தொழிற்பாடு

மேலாளியும் கீழாளியும் ஆளுக்கு அரைச் சுற்று வீதம் இயங்கி ஒரு சதுர அலையை உண்டாக்குகின்றன. அது ஒரு கொள்ளளவி, ஒரு தூண்டி, நிலைமாற்றியின் காந்தமாக்கல் தூண்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த பரிவுத் தொகுதிக்குள் செல்கிறது. கொள்ளளவி 22 நனோபரட், தூண்டி 115 மைக்ரோஹென்றி, காந்தமாக்கல் தூண்டம் 460 மைக்ரோஹென்றி என்று கொண்டால், ஏறத்தாழ 100 கிலோஹேர்ட்சிலும் 45 கிலோஹேர்ட்சிலும் இரண்டு பரிவு மீடிறன்கள் கிடைக்கும். ஒரு சுற்றில் ஒவ்வோர் ஆளியும் இயங்கும் பங்கு மாறுவதில்லை, மீடிறன்தான் மாறுகிறது. மீடிறன் கூடினால் வெளியீடு குறையும், குறைந்தால் வெளியீடு கூடும்.

பரிவுத் தொகுதியின் ஓட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கி இருக்கும்வரை, ஒவ்வோர் ஆளியும் தன் மேலுள்ள அழுத்தம் பூச்சியமான பிறகே கடத்தத் தொடங்கும். அதற்கு இடம்விட, ஒன்று நின்று மற்றது தொடங்குமுன் 0.3 மைக்ரோசெக்கன் இடைவெளியைச் சிப் கொடுக்கிறது. வெப்பமும் இரைச்சலும் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. மீடிறனை அளவுக்கு மீறித் தாழ்த்தினாலோ நிலைமை தலைகீழாகும். வெளியீட்டுப் பெருக்கத்தின் உச்சியைக் கடந்து ‘கொள்ளளவிப் பக்கம்’ விழுந்ததும், மீடிறன் குறையக் குறைய வெளியீடும் குறையும். குறைந்த வெளியீட்டைக் கண்ட கட்டுப்பாடு மீடிறனை இன்னும் தாழ்த்தும். ஓர் ஆளியின் உள் இருவாயி கடத்திக்கொண்டிருக்கும்போதே மற்ற ஆளி கடத்தத் தொடங்க, இரண்டின் ஊடாகவும் ஒரே நேரத்தில் பேரோட்டம் பாயும், மொஸ்பெற் வெடிக்கும். இந்தச் சிப்பின் காப்பு ஏற்பாடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டவிடாமல் காப்பதற்கே அமைந்தவை என்பது புரியும்.

பரிவுச் சுற்றுகளின் ஒப்பீட்டை 1988இல் ராபர்ட் ஸ்டைகர்வால்ட் முறையாக வெளியிட்டார். இன்றைய வடிவத்தை மின்வழங்கித் துறைக்குள் பரவலாகக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் போ யாங் 2003இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. ராமநாராயணன் ஆளிமுறை மின்மாற்றம் பற்றிய பாடக்குறிப்பொன்றை எழுதினார்.

மின் போவதும் வருவதும்

2025 பெப்ரவரி 9 முற்பகலில் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியைத் தொட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் தெரிவித்தார். அத்தகைய கணத்தில் மின்வழங்கிக்குள் நடப்பது இதுதான்.

இலங்கையின் 230 வோல்ற் வழங்கலைச் சீராக்கினால் உச்சம் 325 வோல்ற். திறன்காரணித் திருத்தி அதை 390 வோல்ற்றுக்கு உயர்த்தி ஒரு பெரிய கொள்ளளவியில் சேமிக்கிறது. அந்தக் கொள்ளளவி 100 மைக்ரோபரட் என்றும், கருவி 120 வாற்று இழுக்கிறது என்றும் கொண்டால், 390இலிருந்து 300 வோல்ற்றுக்கு இறங்குவதற்குள் 3.1 யூல் சக்தி கிடைக்கும். அது ஏறத்தாழ 26 மில்லிசெக்கன் தாங்கும். 50 ஹேர்ட்ஸ் வழங்கலில் ஒரு முழுச் சுற்று 20 மில்லிசெக்கன் ஆகையால், ஒரு சுற்று தவறினாலும் திரை அணையாது. ஆனால் அந்த 26 மில்லிசெக்கனும் சிப் மீடிறனைத் தாழ்த்தியபடியே இருக்கிறது, அதாவது ஆபத்தான எல்லையை நோக்கியே போகிறது. மின் போன பின்னரும் கருவியை உயிரோடு வைத்திருக்கும் அந்தச் சில கணங்களே அதற்கு மிகவும் அபாயமானவை.

அங்கே காவல் நிற்பது ‘லைன்’ முனை. கொள்ளளவியின் அழுத்தத்தைத் தடையிகளால் பிரித்து இந்த முனைக்குக் கொடுப்பார்கள். அது 1.25 வோல்ற்றுக்குக் கீழே போனால் சிப் நின்றுவிடும். நின்ற பின் ஒரு 15 மைக்ரோஅம்பியர் ஓட்டத்தை அதே முனையிலிருந்து இழுக்கும். மேல்தடையி 4 மெகாஓம் என்றால், நிற்கும் அழுத்தத்துக்கும் மீண்டும் தொடங்கும் அழுத்தத்துக்கும் இடையில் 60 வோல்ற் வித்தியாசம் உண்டாகும்: 300இல் நிற்கும், 360இல் தொடங்கும். சீராக்கிய வழங்கல் மட்டும் 325ஐத் தாண்டாது என்பதால், திருத்தி முதலில் உயிர்பெற்று அழுத்தத்தை ஏற்றினால்தான் சிப் விழிக்கும். மின் வந்து போய் வந்து தடுமாறும் நேரத்தில் கருவி திக்கித் திணறாமல் இருப்பது இந்த ஒழுங்கால்தான். சிப்புக்கான சொந்த வழங்கலுக்கும் இதே வகை இடைவெளி உண்டு: 10.7 வோல்ற்றில் தொடங்கி 8.15இல் நிற்கும். தொடங்கும்போது மென்தொடக்கக் கொள்ளளவி, மீடிறனை உயர்ந்த அளவிலிருந்து மெல்ல இறங்கச் செய்கிறது.

மிகைச்சுமை

‘ஐசென்’ முனையில் ஓட்டத்தின் அடையாளம் 0.8 வோல்ற்றைத் தாண்டினால் மென்தொடக்கக் கொள்ளளவி வெளியேற்றப்படும். மீடிறன் எகிறும், திறன் குறையும். ‘டிலே’ முனையிலுள்ள கொள்ளளவி 150 மைக்ரோஅம்பியரால் ஏறத் தொடங்கும். 2 வோல்ற்றில் மீடிறன் உச்சத்துக்குத் தள்ளப்படும், 3.5இல் எல்லாம் நிற்கும்; அக்கொள்ளளவி அதே முனையிலுள்ள தடையியின் ஊடாக 0.3 வோல்ற்றுக்கு வடிந்ததும் மென்மையாக மறுபடி தொடங்கும். 1 மைக்ரோபரட்டும் 1 மெகாஓமும் வைத்தால் 2இலிருந்து 3.5 வரை ஏற 10 மில்லிசெக்கன், வடிய ஏறத்தாழ 2.5 செக்கன். குறுக்குச்சுற்று நாள் முழுவதும் நீடித்தாலும் உறுப்புகள் வேகாமல் இருப்பது இந்த விகிதத்தால்தான்.

மீடிறனை உயர்த்தியும் ஓட்டம் அடங்காமல் 1.5 வோல்ற்றைத் தொட்டால் சிப் பூட்டிக்கொள்ளும். மிகையழுத்தத்துக்கும் மிகைவெப்பத்துக்கும் பயன்படும் ‘டிஸ்’ முனை 1.85 வோல்ற்றைத் தாண்டினாலும் அப்படியே. பூட்டைத் திறக்கச் சிப்பின் சொந்த வழங்கல் விழ வேண்டும். பெரிய கொள்ளளவியில் மிச்சமிருக்கும் மின்னேற்றம் அதைச் சற்று நேரம் தாங்கக்கூடும் என்பதால், கழற்றிய கையோடு கொழுவினால் பலன் இராது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆளில்லாத தொலைத்தொடர்புக் கோபுரத்தில் பூட்டிக்கொள்ளும் காப்பு ஒரு பயணத்தைக் கேட்கும். எனவே எதைப் பூட்ட விடுவது, எதைத் தானே மீள விடுவது என்பதை வடிவமைப்பவர் இடமறிந்து தீர்மானிக்க வேண்டும்.

சுமை மிகக் குறைந்தால் ‘ஸ்டாண்ட்பை’ முனை வழியாகச் சிப் விட்டுவிட்டு இயங்கி மின்னை மிச்சப்படுத்தும். பின்னர் வந்த எல்6699, கொள்ளளவிப் பக்கம் நெருங்குவதை நேரடியாகவே உணர்ந்து விலகும். ஆளிகளின் இடைவெளியையும் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்.

சீனன்குடாச் சூழல்

விமானநிலையம், எண்ணெய்த் தாங்கிகள், பிறிமா மா ஆலை என்பவற்றோடு திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருக்கும் சீனன்குடா போன்ற இடத்தில் கடலுப்பும் கணக்கில் சேர வேண்டும். வாடைக்கால ஈரத்தில் பலகை மீது படியும் உப்புப் படலம் மின்னைக் கசியவிடும். மேற்சொன்ன 4 மெகாஓம் தடையியின் குறுக்கே 40 மெகாஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை உண்டானால், சிப் உள்ளதைவிட உயர்ந்த அழுத்தத்தைக் காணும். 300 வோல்ற்றில் நிற்க வேண்டியது ஏறத்தாழ 273 வரை ஓடும். காப்பு விளிம்பு அந்த அளவுக்குச் சுருங்கும், எந்த எச்சரிக்கையும் தோன்றாது. ‘டிலே’ தடையியில் கசிந்தால் ஓய்வு நேரம் குறைந்து வெப்பம் ஏறும். மேல்தடையியை மூன்று நான்காகப் பிரித்துத் தொடராக வைப்பது கசிவுப் பாதையை நீளமாக்கும். பலகையைக் கழுவி உலர்த்தி ஈரங்காக்கும் பூச்சுக் கொடுப்பதும், காற்றோட்டத் துளைகளைக் கடற்காற்றுக்கு எதிர்ப்புறம் வைப்பதும் கரையோரக் கருவிகளுக்குத் தவிர்க்கக் கூடாத வேலைகள்.