சாஞ்சியில் ஒலியும் ஒளியும்

மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சி என்னும் சிற்றூரில், சுமார் 300 அடி உயரமுள்ள குன்றின்மேல் அசோகச் சக்கரவர்த்தி எடுப்பித்த பௌத்த ஸ்தூபி நின்று நிலவுவதை நம் சங்கத்து அன்பர் யாவரும் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பர். புனேயிலிருந்து மன்மாட், புசாவல், கண்ட்வா, இட்டார்சி வழியாகப் போபால் சேர்ந்து, பினா மார்க்கத்தில் இன்னும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் அவ்வூர் வரும். இருப்புப்பாதை குன்றின் அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றது. வண்டியின் ஜன்னலிலிருந்தே ஸ்தூபியைக் காணலாம். உத்தியோக நிமித்தம் அம்மார்க்கத்தில் பன்முறை போய்வந்த நம்மவர் பலர், கையில் தேநீர்க் குவளையுடன் அதைக் கண்டு களித்ததோடு சரி, இறங்கியவர் அரியர். சென்ற டிசம்பர் விடுமுறையில் நம் காலனியிலிருந்து ஐந்து குடும்பத்தார் இறங்கினோம். பகலில் ஸ்தூபியைப் பார்ப்பதோடு, இரவில் அங்கு நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சியையும் கண்டு வரவேண்டும் என்பது நம் ஏற்பாடு.

ஒலி-ஒளிக் காட்சி என்றவுடன், முன்னாளில் வெள்ளிக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வந்த சினிமாப் பாடல் நிகழ்ச்சியை நம்முடன் வந்த பெரியவர் ஒருவர் நினைத்துக்கொண்டார். அஃது வேறு, இஃது வேறு. 1952-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்தில் ஷாம்போர் அரண்மனையில் முதன்முதல் தோன்றிய கலை இது. நடிகர் இல்லை, மேடை இல்லை. பழைய கட்டடமே மேடையும் நடிகரும் ஆகும். பார்ப்போரை இருளில் அமர்த்திவிட்டு, மறைவில் வைத்த விளக்குகளால் கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மாறி மாறி ஒளிரச் செய்து, பதிவு செய்த குரலாலும் இசையாலும் அதன் வரலாற்றைச் சொல்லுவர். நம் நாட்டில் 1965-இல் தில்லிச் செங்கோட்டையில் இதனைத் தொடங்கினர். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையை இம்முறையில் கேட்டவர் நம்மிடையே பலர் இருக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் குன்றேறி அமர்ந்தோம். மத்தியப் பிரதேசத்துக் குளிரின் கடுமையைப் புனேக் குளிருக்குப் பழகிய நாமும் அன்றுதான் அறிந்தோம். கொண்டுபோன கம்பளிகள் குழந்தைகளுக்கே போதவில்லை. விளக்குகள் அணைந்தன. சற்று நேரம் வானத்து மீன்களன்றி வேறொன்றும் தெரியவில்லை. பின்னர் மெல்ல மெல்ல அந்தப் பெரிய அண்டம் இருளிலிருந்து வெளிப்பட்டது. 120 அடி விட்டமும் 54 அடி உயரமும் உடையது எனப் பகலில் பலகையில் படித்திருந்தோம். இரவிலோ அளவு என்பதே மறந்துவிட்டது. ஒரு தோரண வாயில் பொன்னிறம் பெற்றது. அது மறைய மற்றொன்று எழுந்தது. கலிங்கப் போர், அசோகன் மனமாற்றம், விதிசை நகரத்து வணிகன் மகள் தேவி, அவள் வயிற்றில் பிறந்து இலங்கைக்குத் தருமத்தைக் கொண்டுசென்ற மகேந்திரன் என்று கதை விரிந்தது. மகேந்திரன் இலங்கைக்குப் புறப்படுமுன் விதிசைமலையில் தன் தாயின் விகாரையில் தங்கினான் என்று இலங்கையின் மகாவம்சம் கூறும். விதிசை இங்கிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுதான்.

நாம் கேட்ட காட்சி இந்தியில் நடந்தது. புனேயில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதில் இடர்ப்பாடே இல்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியம்மை ஒருவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அவர் பேரன், எட்டாம் வகுப்பு மாணவன், காதோடு காதாகத் தமிழில் சொல்லி வந்தான். வீட்டில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடையிறுக்கும் பையன், அன்று இருளில் ஒரு மணி நேரம் போல் இடைவிடாது தமிழ் பேசியதைக் கேட்டு அவன் தாயார் வியந்து போனார். சொல் கிடைக்காத இடங்களில் தானே சொற்களை ஆக்கிக்கொண்டான். ஸ்தூபியைப் "பெரிய கல் குன்று" என்றான். குரல் ஓய்ந்து கைதட்டல் எழுந்தபோது பாட்டியம்மை கேட்டார்: "ராஜா கட்டினார், ராஜா கட்டினார்னு சொல்றியே, இத்தனை கல்லுக்கும் அவர் ஒருத்தரேவா பணம் போட்டார்?"

பையன் விழித்தான். காட்சியில் அதற்கு விடை வரவில்லை. விடை மறுநாட் காலையில் கல்லிலேயே கிடைத்தது.

அசோகன் காலத்தில் எழுந்தது செங்கல் ஸ்தூபி. அதனைக் கல்லால் போர்த்திப் பெரிதாக்கியது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், நான்கு தோரண வாயில்கள் வைத்தது அதற்கும் பின்னர், சாதவாகனர் காலத்தில். இக்கல் வேலிகளிலும் தளவரிசைகளிலும் 600க்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை ஒரே ஒரு வரி. இன்ன ஊரில் வாழும் இன்னாரது தானம் என்பதே வாசகம். உஜ்ஜயினியிலிருந்து வந்தவர், குரரம், நந்திநகரம் முதலிய ஊரார், வணிகர், நெசவாளர், பிக்குகள், பிக்குணிகள், இல்லறத்துப் பெண்டிர் எனப் பலரும் ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கின்றனர். தெற்குத் தோரணத்தில் ஒரு பகுதியின் சிற்ப வேலையை விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் செய்ததாக எழுதியுள்ளது. யானைத் தந்தத்தில் நுண்ணிய வேலை செய்து பழகிய கை கல்லில் இறங்கியதால்தான் அத்தனை நுணுக்கம் போலும். அரசனது எழுத்தனாகிய கோதி மகன் சுபாகிதன் என்பவனும் தன் தானத்தைப் பொறித்திருக்கின்றான். குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்த நாம் அப்பெயரின் முன் சற்று அதிக நேரம் நின்றோம் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

பாட்டியம்மைக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சிறிதும் வியப்பில்லை. "நம்மூர்க் கோயில்லே டியூப் லைட்டுலே உபயம்னு எழுதறாங்களே, அதுதானே?" என்றார். வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதும் நம்மூர் உபயதாரரைவிடச் சாஞ்சியார் அடக்கமானவர் என்பது ஒன்றே வேற்றுமை.

நகைப்புக்கு இடமான இவ்வழக்கமே ஒரு பெருங்கதவைத் திறந்த திறவுகோலாயிற்று. அசோகன் காலத்துப் பிராமி எழுத்தைப் படிக்க வல்லார் ஒருவரும் இலராய்ப் பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. 1837-இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் சாஞ்சிக் கல்வெட்டுகளின் படிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஒவ்வொன்றும் அதே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயில்களில் பக்தர்கள் தத்தம் கொடையைப் பொறித்து வைக்கும் வழக்கம் அவர் நினைவுக்கு வந்தது. அவ்விரண்டு எழுத்தும் "தானம்" என்றே இருக்கவேண்டும் என ஊகித்தார். ஊகம் பலித்தது, பிற எழுத்துகளும் பிடிபட்டன, அசோகனுடைய சாசனங்கள் பேசத் தொடங்கின. தமிழுக்கும் இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. மதுரைக்கு அருகே மாங்குளம் முதலிய குன்றுகளின் குகைகளில் அதே வகை எழுத்தில் பொறித்திருந்தவை தமிழ்மொழியே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அத்துறையில் வாழ்நாளெல்லாம் உழைத்தார். நெடுஞ்செழியன் பெயரை நாம் மாங்குளத்துக் கல்லில் படிப்பதற்கு, பெயர் பெறாத வடநாட்டு நெசவாளன் ஒருவனது ஒரு வரித் தானமும் காரணம்.

நிற்க. தெற்கு வாயிலருகே அசோகன் நாட்டிய தூண் ஒன்றின் அடிப்பகுதி இருக்கின்றது. சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிக்குவாயினும் பிக்குணியாயினும் வெள்ளாடை உடுத்துச் சங்கத்துக்கு வெளியே வசிக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஆணை. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முந்தின நாள் நம் நிர்வாகக் குழுவினர் ஒருமுறை அங்கே சென்றுவரலாம். அத்தூணை உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்துக் கரும்பாலைக்குப் பயன்படுத்தப் பார்த்தார் என்பது வரலாறு.

ஜமீன்தாரை மட்டும் குறை கூறுவது முறையன்று. 1818-இல் ஜெனரல் டெய்லர் என்பார் கண்டபோது ஸ்தூபி காட்டினுள் பெரும்பாலும் சிதையாமலே இருந்தது. கண்டபின்னரே கேடு தொடங்கிற்று. 1822-இல் புதையல் வேட்கையால் ஒரு பக்கத்தை உச்சி முதல் அடிவரை பிளந்தனர். 1851-இல் கன்னிங்காமும் மெய்சியும் தோண்டியபோது, மூன்றாம் எண் ஸ்தூபியில் புத்தரின் தலைமாணாக்கராகிய சாரிபுத்தர், மொகல்லானர் இருவரின் புனித எச்சங்கள் கிட்டின. அவை கடல் கடந்து லண்டன் பொருட்காட்சிசாலை சேர்ந்தன. 1912 முதல் 1919 வரை சர் ஜான் மார்ஷல் இருந்து, சரிந்தவற்றை நிறுத்திக் காட்டை வெட்டிச் செப்பனிட்டார். அதற்குப் பொருள் உதவியவர் போபால் அரசி சுல்தான் ஜகான் பேகம். பௌத்தர் எடுத்த ஸ்தூபியை ஓர் இஸ்லாமிய அரசி காத்த செய்தியைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொன்னோம். லண்டன் சென்ற எச்சங்கள் 1947-இல் அங்கிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாகத் திரும்பி வந்து, 1952 நவம்பரில் நேரு முன்னிலையில் சாஞ்சியின் புதிய விகாரையில் சேர்ந்தன. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் அவற்றை வெளியே எடுத்துத் தரிசனம் செய்விக்கின்றனர்.

இவற்றையெல்லாம் கண்டபோது நாகப்பட்டினத்தின் நினைவு வராமலில்லை. ஸ்ரீவிஜய நாட்டு அரசர் எடுத்த சூடாமணி விகாரைக்கு, சைவனாகிய முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக ஈந்தான். கடலிலிருந்தே தெரியும்படி அங்கு எஞ்சி நின்ற பழைய கோபுரத்தை 1867-இல் இடித்தனர். மண்ணிலிருந்து 300க்கும் மேற்பட்ட புத்த விக்கிரகங்கள் வெளிப்பட்டு, பல சென்னை அரும்பொருட்காட்சியகம் சேர்ந்தன, கட்டடம் போயிற்று. அங்கே விளக்கு எரித்துக் கதை சொல்ல வேண்டுமானால் எதன்மேல் ஒளி பாய்ச்சுவது?

நம் நிலையும் எண்ணத்தக்கது. திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து இருப்புப்பாதை வேலைக்கும் ராணுவத் தொழிற்சாலை வேலைக்கும் நம் தந்தையரும் பாட்டனாரும் புனே வந்தனர். ஆளுக்குச் சில ரூபாய் மாதச் சந்தா கொடுத்து இச்சங்கத்தை வளர்த்தனர். அவர்கள் பெயர்கள் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளில் மட்டும் உள்ளன. அவற்றுள் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியவற்றிலுள்ள பெயர்களையும் சொந்த ஊர்களையும் படியெடுத்து, அடுத்த மலரில் ஒரு பக்கத்தில் அச்சிடலாம் என்று திரும்பும் வண்டியிலேயே பேசி முடித்தோம். படியெடுக்கும் பொறுப்பை அந்த எட்டாம் வகுப்புப் பையன் ஏற்றிருக்கின்றான். அவனுக்குக் கையெழுத்துத் தமிழ் படிக்கக் கற்பிக்கும் பொறுப்பு பாட்டியம்மையுடையது.

சாஞ்சி வரை செல்ல இயலாத அன்பர்களுக்கு ஒரு செய்தி. நம் லோனாவ்ளா லோக்கலில் ஏறி மளவ்லியில் இறங்கினால் கார்லாக் குகை அருகில்தான். குன்றைக் குடைந்து அமைத்த அச்சைத்தியம் 124 அடி நீளம். கூரையில் 2000 ஆண்டுப் பழமையுள்ள மர வளைவுகள் இன்றும் உள்ளன. தூண்களில் கொடையாளர் பெயர்களைப் பொறித்திருக்கின்றனர். அவருள் யவனரும் உளர், வாசனைத் திரவிய வணிகன் உளன், தச்சன் உளன். இதனை முற்றுவித்தவன் வைஜயந்தி என்ற இன்றைய கன்னட நாட்டு வனவாசியிலிருந்து வந்த பூதபாலன் என்னும் செட்டி. ஜம்புத்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இது என்று அவனே பெருமையோடு எழுதி வைத்திருக்கின்றான். தெற்கிலிருந்து இப்பக்கம் வந்து பெயர் பொறித்தவருள் அவன் நமக்கு மூத்தவன். குகை மேற்கு நோக்கியது. பிற்பகலில் சென்றால், வெயில் பெரிய வளைவுச் சாளரத்தின் வழியே நுழைந்து தூண்கள்மேல் படர்வதைக் காணலாம். அதற்கு விளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டுவதில்லை. ஏகவீரை அம்மன் கோயிலும் வாயிலிலேயே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. வார நாளில் ஒரு விடுப்பு எடுத்துக்கொண்டு செல்வது நலம்.