ஞானசௌந்தரி: மாதோட்டக் கூத்தும் திரையிசையும்

மேடையேறிய நாடகமும் திரையேறிய படமும் சின்னாள் வாழ்ந்து மறைதலே உலகியல்பு. அவ்வியல்பைக் கடந்து தலைமுறைதோறும் நின்று நிலவுவன மிகச் சிலவே. 1944ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' அவற்றுள் ஒன்று. 1948இல் சிட்டாடல் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஞானசௌந்தரி' பிறிதொன்று. பாட்டே உயிராக அமைந்த இவ்விரண்டனுள் பின்னையது மன்னார்க் கரைக்கு மிக நெருங்கியது. அதன் நிலைபேற்றுக்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வாம்.

கதை எளியது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் அரசகுமாரியொருத்தி காட்டிற்கு அனுப்பப்பட்டுக் கைகள் துணிக்கப்படுகின்றாள். அந்நிலையிலும் அவளைக் கண்டு காதலித்து மணக்கின்றான் பிலவேந்திரன் என்னும் இளவரசன். வஞ்சகம் மீண்டும் அவளைத் தொடர்கின்றது. ஈற்றில் தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைப் பெறுகின்றாள். இக்கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலும், பின்னர்ச் செருமானிய நாட்டுக் கிரிம் சகோதரரின் தொகுதியிலும் இதன் உறவுக்கதைகள் காணப்படுகின்றன. எனினும், கடல் கடந்து வந்த கதை வந்த கோலத்திலேயே நின்றுவிடவில்லை. அது தமிழ்ப் பாட்டுடுத்துத் தமிழ்ப் பெண்ணாயிற்று.

அம்மாற்றம் நிகழ்ந்த களங்களுள் மாதோட்டம் முதன்மையானது. பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் விளங்கும் அவ்வூர்ப்புறத்திலே, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கத்தோலிக்கம் வேரூன்றியது. 1560இல் மன்னார்த் தீவு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தை ஒடுக்கினர். அவ்வொடுக்குமுறைக் காலத்தேதான் மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவம் மடுக்காட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. காட்டிலே புகலடைந்த தாயை வணங்கிய மக்களுக்கு, காட்டிலே கைவிடப்பட்ட மகளின் கதை அயற்கதையாகத் தோன்றியிருக்குமோ? வடபாங்கு, தென்பாங்கு என இருவகையாக வளர்ந்த மன்னார்க் கூத்து மரபில் 'ஞானசௌந்தரி' இடம்பெற்றதில் வியப்பொன்றுமில்லை. அண்ணாவியார் பயிற்ற, மத்தளமும் தாளமும் முழங்க, விடியவிடிய ஆடப்பட்ட கூத்து அது.

தமிழகத்திலோ, சங்கரதாஸ் சுவாமிகள் இக்கதையை நாடகமாக்கினார். 1935இல் அது படமாகவும் வந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியையும் கப்பலையும் இணைத்த வழி நிலவியமையால், இருகரைக் கலைகளும் ஒன்றையொன்று அறிய ஏது இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, மன்னார் தமிழுலகின் மூலையன்று. வாயில் எனலே பொருந்தும்.

இனி 1948ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். அவ்வாண்டில் ஒரே கதை இருமுறை படமாயிற்று. டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் முன்னர் வந்து பெருவெற்றி ஈட்டிற்று. ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் எடுத்த படம் பின்னர் வந்து தோல்வியுற்றது; அவரே அதனைத் திரையரங்குகளினின்றும் மீட்டுக்கொண்டார். பொருள்வளத்தில் ஜெமினி குறைந்ததன்று, கதையும் ஒன்றே. ஆகவே, நிலைபேற்றுக்குக் கதை மட்டுமே காரணம் என்பார் கூற்று இவ்விடத்து நில்லாதென்க.

வேறுபாடு எங்கே அமைந்தது? பெரும்பகுதி இசையில் அமைந்தது என்பதே எம் கருத்து. 'மீரா'வுக்கு இசையமைத்த எஸ். வி. வெங்கட்ராமனே சிட்டாடல் படத்துக்கும் இசையமைத்தார். தேவமாதாவை வேண்டும் பாடலொன்று சிறுமி ஜிக்கியின் குரலில் தொடங்கி, பி. ஏ. பெரியநாயகியின் குரலில் முதிர்கின்றது. பாட்டொன்று முடியுமுன் குழந்தை குமரியாகின்றாள். வேண்டுதல் மட்டும் மாறாதிருக்கின்றது. உரையாடல் பல பக்கங்களிற் சொல்லவேண்டியதை ஒரு மெட்டுச் சொல்லிவிடுகின்றது. கூத்தின் இலக்கணமும் அதுவேயன்றோ? பாத்திரத்தின் வரவையும் வாட்டத்தையும் பாட்டாலேயே உணர்த்துவது நம் கூத்து. எனவே, கூத்திற் பழகிய செவிக்கு இத்திரையிசை புதுமையாக ஒலிக்கவில்லை; அறிந்த ஒன்றின் புதுக்குரலாகவே ஒலித்தது.

இஃது ஒரு சமயத்தார்க்கே உரிய படம் எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. சந்திரமதியின் துயரில் உருகியோரும், நல்லதங்காளுக்காக அழுதோரும், அசோகவனத்துச் சீதையை நினைந்தோரும் ஞானசௌந்தரியை வேற்றவளாக எண்ணார். குற்றமற்ற பெண் துன்புறுதலும், அறம் அவளைக் கைவிடாமையும் எச்சமயத்துத் தமிழர்க்கும் பொதுவான நெஞ்சுரை.

ஆயினும், மாணவர் சிந்திக்கவேண்டிய இடர் ஒன்றுண்டு. திரைப்பாடல் வானொலியாலும் இசைத்தட்டாலும் எங்கும் பரவும். கூத்துப்பாடலோ அண்ணாவியாரின் நினைவிலும் பழைய ஏட்டிலுமே வாழும். புகழ்பெற்ற தங்கையின் நிழலில் மூத்தவள் மறக்கப்படலாம். இவ்வுண்மையை உணர்ந்தே பேராசிரியர் சு. வித்தியானந்தன், 'என்றிக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' ஆகியவற்றைத் தொடர்ந்து 1967இல் 'ஞானசௌந்தரி' நாடகத்தையும் பதிப்பித்தார். ஆனால் அச்சேறியது சொல்லே. அதனைப் பாடும் முறையும், ஆடும் தாளமும் அச்சுக்குள் அடங்கா.

படத்தை விரும்புவது குற்றமன்று. அதன் வேரை அறியாதிருத்தலே குறை. முதிய அண்ணாவிமார் பாடுங்கால் அம்மெட்டுகளை ஒலிப்பதிவு செய்து வைப்பது இன்று ஒரு மாணவனுக்கும் எளிது. வரலாறு கற்போர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுமளவு ஆர்வத்துடன், தம் ஊர்க் கூத்தரின் குரலையும் தேடுவாராக. கல் காத்திருக்கும், குரல் காத்திராது.