பாகுநிலை

பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது எழும் உள் உராய்வே பாகுநிலை. வெல்லப்பாகு என்பதிலுள்ள ‘பாகு’விலிருந்து பிறந்த கலைச்சொல். இலங்கைப் பாடநூல்களில் ‘பிசுக்குமை’. ஆங்கிலச் சொல்லுக்கு வேரான லத்தீன் ‘விஸ்கும்’, பறவை பிடிக்கும் பசையைக் குறித்தது. தமிழ்ச்சொல்லுக்கு இனிப்பாவது இருக்கிறது.

அடர்த்தியோடு இதைக் குழப்பக் கூடாது. கிளிசரினின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.26 மடங்குதான், 20 டிகிரி செல்சியஸில் பாகுநிலையோ ஏறத்தாழ 1,400 மடங்கு.

மையவிலக்கு பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். உண்மையில் பம்பு திரவத்தை இழுப்பதில்லை. திறந்த தொட்டியின் மேலுள்ள காற்றழுத்தம்தான் தள்ளுகிறது. தண்ணீரானால் அது தள்ளி ஏற்றக்கூடிய உயரத்தின் எல்லை சுமார் 10.3 மீட்டர். பாகுநிலை கூடக்கூட அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு உறிஞ்சு குழாயின் உராய்விலேயே தீர்ந்துவிடும். பம்புக்குள் சுழலும் சக்கரமான சுழலியின் வாயில் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழிகள் தோன்றும். அவை உள்ளே நொறுங்கும்போது சரளைக்கல் உருளும் ஓசை கேட்கும், உலோகமும் அரிபடும். எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று அதற்கு முன்பே வெளிவந்து ஓட்டத்தைக் குலைப்பதும் உண்டு. ஆகவே கெட்டியான எண்ணெய்க்குக் குட்டையான, அகன்ற உறிஞ்சு குழாய் போட்டு, தொட்டியைப் பம்புக்கு மேலே வைப்பார்கள். உலை எண்ணெயைச் சூடாக்கி இளக்கிய பிறகே பம்புக்கு விடுவார்கள்.